என்ன பாம்பு?

"தொடாதீங்க, ஆட்டாதீங்க, மேசை மேல கையக்கூட ஊனாதீங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நான் எதற்குத் தொடப்போகிறேன். விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், தாங்கியில் செங்குத்தாக நிற்கிறது, அதன் அடியில் கொஞ்சம் ரத்தம், என் புருஷனுடையது. இருபது நிமிஷம் அது அப்படியே நிற்க வேண்டுமாம். அப்புறம் டாக்டர் வந்து சாய்த்துப் பார்ப்பார். ரத்தம் கட்டியாகி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இப்போதைக்குப் பயமில்லை. தண்ணீராக ஓடி வந்தால் பாம்பு விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவுதான் பரீட்சை. எத்தனையோ பரீட்சைக்கு நான் ஆள் தயார் செய்திருக்கிறேன். நாலு விடை கொடுத்திருப்பான், தெரியாவிட்டால் ஏதாவது ஒரு வட்டத்தைக் கறுத்துவிட்டு வா, சும்மா விடாதே என்று சொல்லியனுப்புவேன். இங்கே கறுப்பதற்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் ஆடாமல். எனக்கு உட்கார்ந்தால் கால் ஆட்டுகிற பழக்கம் உண்டு. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

உறைவது. ரத்தமும் உறைகிறது, பாலும் உறைகிறது, பாலில் ஊற்றுகிற அந்தக் கரண்டி மோருக்கே உறை என்றுதான் பேர். பார், ஆரம்பித்துவிட்டாய். கட்டிலில் மனுஷன் கால் வீங்கிக் கிடக்கிறார், உனக்குச் சொல்லாராய்ச்சி. ஆனால் நான் வேண்டுமென்றா செய்கிறேன். பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் சாமி பேர் சொல்வார்கள், எனக்கு இப்படி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல் மாடியில், அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கிற நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே பொது அறிவு எடுக்கிறேன். எதற்கு என்ன பேர், ஏன் அந்தப் பேர் என்பது என்னுடைய தனிக்கடை. மிளகு மாதிரி காரமாக இருந்த காய் மிளகாய். அதை இங்கே கொண்டுவந்தவன் போர்ச்சுக்கீசியன், அவன் விட்டுப்போனதுதான் அன்னாசி, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம். இந்தக் குழாய் நிற்கிறதே மேசை, அதுவும் அவன் பாஷைதான். வான்கோழிக்கு இங்கிலீஷ்காரன் துருக்கி என்று பேர் வைத்தான், துருக்கிக்காரனைக் கேட்டால் அது இந்தியாக் கோழி என்கிறான், அது வந்ததோ அமெரிக்காவிலிருந்து, நாம் வான்கோழி என்கிறோம், அது வானத்தில் பறந்து நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் வகுப்பே கலகலக்கும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட எழுந்து எழுதிக்கொள்வான். அப்படி எழுதிக்கொண்டவர்களில் இரண்டு பேர் இன்றைக்கு வி.ஏ.ஓ. ஆகிவிட்டார்கள். நான் நாலு தடவை அதே பரீட்சை எழுதி, நாலு தடவையும் தேறாமல், அதே மாடியில் அதே வான்கோழியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"பாப்பாவ யாரு வேன்லேருந்து எறக்குவா?" என்கிறார் கட்டிலிலிருந்து. இவருக்கு இப்போது இந்தக் கவலை. "மேல வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டேன், நீங்க பேசாம படுங்க" என்றேன். சொல்லவில்லை. சொல்ல வேண்டும். போன் பையில் இருக்கிறது, பை மேசைக்கு அடியில் இருக்கிறது, எடுக்கக் குனிந்தால் மேசை இடிபடும். இடது கால் தலையணை மேல் கிடக்கிறது. கணுக்கால் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, பாதமும் ஆடுதசையும் ஒன்றாகிவிட்டன, தோல் இழுபட்டுப் பளபளக்கிறது, பாதத்தின் மேல் இரண்டு புள்ளி, ஒன்றைச் சுற்றி ஊதா நிறம் பரவியிருக்கிறது. முட்டிக்குக் கீழே சிவப்பாக ஒரு கயிற்றுத் தடம். மாமா கட்டிய கட்டு. என் மாமனார், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார், மகன் முகத்தைப் பார்க்காமல் கட்டிலின் இரும்புக் காலையே பார்த்துக்கொண்டு. வந்ததும் நர்ஸ் அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே "எந்தப் புண்ணியவான் கட்டுனது இத? காலையே எடுக்கணும்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். அப்போது உட்கார்ந்தவர்தான். பாவம், எனக்காவது திட்டு விழவில்லை. எனக்கு விழ வேண்டியது வேறு கணக்கு, அது இன்னும் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது.

காலையில் பாப்பாவை வேனில் ஏற்றிவிட்டு உள்ளே திரும்புகிறேன், கொல்லையில் இவர் மாட்டுக்குச் சோளத்தட்டை உருவிக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாக மழை பெய்து தட்டைப் போரின் அடியில் ஈரம். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். இவருடையதா, அதனுடையதா. "என்னமோ கடிச்சிருச்சு மங்கை" என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மங்கையர்க்கரசி என்ற பேரை அவர் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை, நீளமாம். "எலியா இருக்கும்" என்றார். நான் காலைப் பார்த்தேன், இரண்டு புள்ளி, ரத்தம் துளித்து நிற்கிறது. மாமா ஓடி வந்து "பூச்சியா?" என்றார். எங்கள் பக்கம் அதைப் பேர் சொல்ல மாட்டார்கள், பேர் சொன்னால் வந்துவிடும், பூச்சி, கயிறு, நீளமானது, அப்புறம் அந்த நல்ல பாம்பு. எது நல்லது அதில்? பயத்தில் வைத்த பேர், ரவுடியை அண்ணன் என்று கூப்பிடுகிற மாதிரி. அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பைக்கை எடுத்து இவரை நடுவில் உட்காரவைத்து ரோட்டுக்கு வந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, போன மாதம்தான் வகுப்பில் சொன்னேன், பாம்பு கடித்தால் முதலுதவி என்ன, கீழ்க்கண்டவற்றுள் எது தவறு. ஆனால் என் வாயில் வந்தது "என்ன பாம்புங்க அது?"

என்ன பாம்பு. இவருக்கு எப்படித் தெரியும், வால் மட்டும் தட்டைக்குள் போவதைப் பார்த்திருக்கிறார். "பட்டையா கோடு இருந்துச்சா, வட்ட வட்டமா இருந்துச்சா?" என்கிறேன். "மண்ணு கலரு" என்கிறார். போனை எடுத்துப் படம் படமாகக் காட்டுகிறேன், உடம்பில் கட்டுக் கட்டாக வளையம் இருந்தால் கட்டுவிரியன், சுருண்டு சுருண்டு செதிலை உரசிச் சத்தம் போட்டால் சுருட்டை, முதுகில் வட்ட வட்டமாகக் கண்ணாடிச் சில்லு பதித்த மாதிரி இருந்தால் கண்ணாடி விரியன், இதற்கு இங்கிலீஷில் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்கார டாக்டர் பேர். அவர் கம்பெனிக் காலத்தில் நம் பக்கத்துப் பாம்புகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். இதையும் சொன்னேன். கால் கடுக்க நின்றுகொண்டிருக்கிற மனுஷனிடம், கடிவாயிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருக்கும்போது, ரஸ்ஸலைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். எப்போதும் கேட்டுக்கொள்வார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், ராத்திரி சாப்பிடும்போது "இன்னிக்கு என்ன பேரு சொன்ன புள்ளைங்களுக்கு?" என்று கேட்பார், சொன்னால் தட்டில் கை வைத்தபடி அப்படியே கேட்பார், மறுநாள் டீக்கடையில் போய்ச் சொல்வார், என் வீட்டுக்காரி சொன்னா என்று. அப்புறம் நான் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய்ப் போரைக் கிளறினேன். எனக்குப் பார்க்க வேண்டும், பார்த்தால் பேர் தெரிந்துவிடும், பேர் தெரிந்துவிட்டால் பாதி கைக்குள் வந்த மாதிரி. தட்டைக் கட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். இரண்டு தேள், ஒரு தவளை. பாம்பு போய்விட்டது.

நான் கொல்லையிலிருந்து வருவதற்குள் மாமா சிறியாநங்கை இலையைக் கிள்ளிக்கொண்டு வந்துவிட்டார். சுவரோரமாக அதை வைத்து வளர்ப்பதே இதற்குத்தான். கடிபட்டவன் வாயில் அந்த இலையைக் கொடுப்பார்கள், கசந்தால் விஷம் ஏறவில்லை, கசக்காமல் இனித்தால் ஏறிவிட்டது. இவர் மென்றார். நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்தோம். முகத்தைச் சுளித்து "கசக்குது, செம கசப்பு" என்றார். மாமா உட்கார்ந்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், "ஒண்ணுமில்ல, தண்ணிப் பூச்சிதான், போ" என்றார். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எத்தனை தடவை சுற்றி வந்தாலும் இந்த இடத்துக்கு வந்தால் கால் இடறுகிறது. அந்த இலைக்கும் விஷத்துக்கும் சம்பந்தமில்லை, அது எவனுக்கும் கசக்கும், பயந்தவனுக்கு எதுவும் ருசிக்காது, அவ்வளவுதான் விஷயம். இது எனக்குத் தெரியாதா. தெரியும். ஆனால் அவர் "கசக்குது" என்று சொன்னபோது என் உடம்பில் ஒரு நிம்மதி இறங்கியது பார், வெயிலில் நடந்து வந்து வீட்டுக்குள் நுழைந்த மாதிரி, அதை விட எனக்கு மனசு வரவில்லை. மாமா நம்பினார், அவருக்குத் தெரியாமல் நம்பினார். நான் தெரிந்துகொண்டே நம்பினேன். இட்லி வைத்தேன். நாலு இட்லி சாப்பிட்டார். குளிக்கப் போகிறேன் என்று எழுந்தவர் கால் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்தபோதுதான் பார்த்தேன், பாதம் காணாமல் போயிருந்தது.

மாமா முட்டிக்குக் கீழே கயிற்றை இறுக்கிக் கட்டியதும், நூற்றியெட்டுக்கு நான் போன் போட்டதும் அதற்குப் பிறகுதான். அந்த வண்டிக்கே அதுதான் பேர் இப்போது, போன் நம்பரே பேர் ஆகிவிட்டது, இதையும் வகுப்பில் சொல்லலாம். நிறுத்து. பச்சைமலை அடிவாரத்திலிருந்து இங்கே வருகிற ரோடு பாதி தோண்டிப் போட்டிருக்கிறான். வண்டியில் வாந்தி எடுத்தார். இட்லி இட்லியாக வந்தது. வந்து இறக்கியதும் டூட்டி டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண், தூக்கமில்லாத கண், கிட்டே வந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன், "மேடம், கண்ணாடி விரியனா இருக்கலாம், இல்லன்னா சுருட்டை, பட்டை இல்லன்னு சொல்றார், அதனால கட்டுவிரியனா இருக்க வாய்ப்பு கம்மி." எவ்வளவு தெளிவாகச் சொன்னேன், வகுப்பில்கூட அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பெண் காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "பேரு எதுவா இருந்தாலும் எங்ககிட்ட மருந்து ஒண்ணுதாம்மா. நாலு பாம்புக்கும் சேத்து ஒரே மருந்து. பேரு வேணாம். எப்ப கடிச்சுது, அத மட்டும் சொல்லுங்க" என்றாள். பேர் வேண்டாம். போர் முழுக்கக் கிளறினேனே, அது வேண்டாமாம். எப்போது கடித்தது. அந்த ஒரு கேள்விக்கு எனக்கு விடை தெரியும், பாப்பாவின் வேன் போன கையோடு. நான் சொன்னது, "ஒரு அரை மணி, முக்கா மணி நேரம் இருக்கும் மேடம்." ஏன் அப்படிச் சொன்னேன்? நாக்கு தானாகப் புரண்டது. மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், மறுபடி கட்டில் காலைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார், காதில் விழுந்ததா தெரியவில்லை. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். வெளியே வாசலில் சாப்பாட்டுக் கடைக்காரன் சாம்பார் வாளியை இறக்குகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது, காலை எங்கேயோ போய்விட்டது, நான் முக்கால் மணி நேரம் என்கிறேன்.

சொல்லிவிடலாம். எழுந்து போய், மேடம், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், காலையிலேயே கடித்தது என்று. சொன்னால் என்ன ஆகும்? அவ்வளவு நேரம் வீட்டில் என்ன பண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்பாள். என்ன பண்ணினேன், படம் காட்டினேன், இலை மெல்லக் கொடுத்தோம், சட்னி அரைத்தேன். படித்த பொம்பளைதானே என்பாள். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், தெருவில், சந்தையில், என் வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் உட்பட. அதுவா இப்போது முக்கியம். குழாயில் ஓடினால் மருந்து ஏற்றுவார்கள், ஓடாவிட்டால் மறுபடி பார்ப்பார்கள், நான் சொன்ன நேரத்தால் ஒன்றும் மாறப்போவதில்லை. அப்படியா? இல்லை மாறுமா? முக்கால் மணி நேரத்துக் கடி என்று நினைத்து நிதானமாக இருக்கிறார்களோ. காலையிலேயே கடித்தது என்று தெரிந்திருந்தால் இந்நேரம் ஓடியிருப்பார்களோ. மேலத்தெரு வேம்பு அக்காவை இரண்டு வருஷம் முன்னால் விரியன் கடித்தது, பிழைத்துக்கொண்டாள், கிட்னி போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை திருச்சிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வருவாள், பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காருவாள், கையில் ஊசி குத்திய இடம் கயிறு முறுக்கின மாதிரி புடைத்திருக்கும், தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து நனைத்துவிட்டு மூடிவிடுவாள், ஒரு மடக்குக்கு மேல் குடிக்கக் கூடாதாம். போன ஆடியோடு பஸ்ஸில் அவளைக் காணோம். அவள் புருஷன் இப்போது துபாயில். பெண்டாட்டி போனவனைத் தபுதாரன் என்கிறோம், புருஷன் போனவளைக் கைம்பெண் என்கிறோம், கைம் என்றால். இல்லை. வேண்டாம். அந்தச் சொல்லுக்கு மட்டும் வேர் தேடாதே. தெரியும் உனக்கு, எங்கேயோ படித்திருக்கிறாய், வாய்வரைக்கும் வந்துவிட்டது, அங்கேயே வை. ஜன்னலைப் பார். ஜன்னல் போர்ச்சுக்கீசியம். வெளியே ஒரு புங்கமரம். புங்கமரத்துக்குப் புங்கமரம் என்றே பேராக இருக்கட்டும்.

ரத்தம் கறுத்திருக்கிறதா? மேலே கொஞ்சம் மஞ்சளாகத் தண்ணீர் பிரிந்த மாதிரி தெரிகிறது, அது நல்லதா கெட்டதா. தயிர் உறைந்தால் மேலே அப்படித்தான் தண்ணீர் நிற்கும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன், மூச்சுக்காற்று பட்டால்கூட அசையுமோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. உறைந்துவிடு. உறைந்துவிடு, உன் காலில் விழுகிறேன். ரத்தத்திடம் கெஞ்சுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். கல்யாணமான புதிதில் இவர் என்னைப் பார்த்துப் பயப்படுவார், எம்.ஏ. படித்த பெண்ணாயிற்றே. நானும் அந்தப் பயத்தைக் கொஞ்ச நாள் அனுபவித்தேன், சொன்னால் என்ன, பிடித்திருந்தது. ஒருநாள் உழவுக்குப் போய்விட்டு வந்து கையில் ஒரு மண்கட்டியை வைத்துக்கொண்டு "இதுக்கு என்ன பேருன்னு சொல்லு பாப்போம்" என்றார். மண் என்றேன். "மண்ணுதான், என்ன மண்ணு?" கரிசல் என்றேன். அவர் சிரித்துவிட்டு, கரிசலிலேயே உழுத அந்த ஒரு கொல்லைக்குள் இருக்கிற வித்தியாசங்களுக்கெல்லாம் அவர்கள் வீட்டில் சொல்கிற பேர்களைச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தப் பேர்களை நான் எழுதி வைக்கவில்லை. இப்போது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கேட்டால் சொல்வார், இதோ கட்டிலில்தான் இருக்கிறார். கேட்கலாமா? இந்த நேரத்தில் கேட்டால் என்னவோ கடைசியாகக் கேட்டு வைத்துக்கொள்கிற மாதிரி இருக்கும். அந்த நினைப்பு வந்ததும் எழுந்துவிட்டேன்.

எழுந்தது டாக்டரிடம் போகத்தான். நாலு கட்டில் தள்ளி, தலையில் அடிபட்ட ஒரு ஆளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா, டைம் ஆகலையே" என்றாள். "மேடம், நான் சொன்ன நேரம் தப்பு" என்றேன். ஊசி நின்றது. "காலையில புள்ள பள்ளிக்கூடம் போனதுமே கடிச்சிருச்சு. இலை குடுத்தோம், கசக்குதுன்னு சொன்னாரு, சும்மா இருந்துட்டோம். என்ன பாம்புன்னு நான் தேடிக்கிட்டு இருந்துட்டேன்." சொல்லி முடிக்கும்போது என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரல் மாதிரி கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் "சிஸ்டர், இத புடிங்க" என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள், கிட்டத்தட்ட ஓடினாள், நான் பின்னாலேயே ஓடினேன். மேசைக்கு அருகே வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றாள். அந்த இரண்டு நிமிஷம் நாங்கள் மூன்று பேரும், மாமாவும் எழுந்து நின்றுவிட்டார், அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம், தேருக்கு நிற்கிற மாதிரி. நான் எதையும் நினைக்கவில்லை. ஒரு சொல்கூட வரவில்லை. காலையிலிருந்து அந்த இரண்டு நிமிஷம்தான் தலைக்குள் சத்தமில்லாமல் இருந்தது.

அவள் குழாயை எடுத்து மெதுவாகச் சாய்த்தாள். ரத்தம் அப்படியே சரிந்து வாய் வரைக்கும் ஓடி வந்தது, கண்ணாடியில் ஒட்டக்கூட இல்லை. இன்னும் ஒரு தடவை மறுபக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கமும் ஓடியது. "உறையல" என்றாள், என்னிடம் இல்லை, நர்ஸிடம். "விஷமுறிவு மருந்து பத்து வையல் எடுங்க. பெரியாஸ்பத்திரிக்கு போன் போட்டு டயாலிசிஸ் பெட் இருக்கான்னு கேளுங்க, ஏத்தி முடிச்சதும் அனுப்பிரலாம்." மாமா "அய்யோ, நான் கட்டுனதுனாலயா தாயி?" என்று அவள் கையைப் பிடிக்கப் போனார். "இல்லய்யா, அதனால இல்ல, நகருங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள், கோபமில்லாமல். "மருந்து ஏறும்போது அரிப்பு வரலாம், மூச்சு முட்டலாம். வந்தா உடனே கூப்பிடணும். பக்கத்துலயே இருங்க." கையெழுத்துப் போட்டேன். எங்கே போட்டேன், எதற்குப் போட்டேன் என்று படிக்கவில்லை, நான், கேள்வித்தாளில் அடிக்குறிப்பு வரைக்கும் படிக்கிறவள்.

மருந்து பொடியாகச் சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் வருகிறது. அதில் தண்ணீர் ஏற்றிக் கரைக்க வேண்டும். நர்ஸ் ஒருத்திதான், அவள் ஒரு கையால் இவர் நரம்பைத் தேடிக்கொண்டே என்னைப் பார்த்து "கைய கழுவிட்டு வாங்க, இத ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு உருட்டுங்க. குலுக்கிறாதீங்க, நொரை கட்டிரும்" என்றாள். உருட்டினேன். ஜில்லென்று இருந்தது. பொடி அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு கரைய மாட்டேன் என்கிறது. குலுக்கினால் ஒரு நொடியில் கரைந்துவிடும் போல இருக்கிறது, குலுக்கக் கூடாது. ஒன்று கரைந்தது, வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுத்தாள். அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட நகர்ந்ததும் இவர் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உறையலயா?" என்றார். "உறையலைங்க" என்றேன். பொய் சொல்ல என்னிடம் மிச்சமில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து "அது என்ன மருந்து?" என்றார். நான் புட்டியைப் பார்த்தேன். "சொல்லேன். எல்லாத்துக்கும் ஒரு கதை வெச்சிருப்பியே."

"குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா விஷத்த ஏத்துவாங்க" என்றேன், உருட்டிக்கொண்டே. "அது தாங்கிக்கப் பழகிரும். அப்பறம் அதோட ரத்தத்துலேருந்து எடுக்கறது இது." அவர் அதைக் கேட்டார், தட்டில் கை வைத்துக்கொண்டு கேட்பாரே, அதே மாதிரி கேட்டார். "அந்தக் குதிரைக்குப் பேரு என்ன?" என்றார். "தெரியலைங்க." "வெச்சிருப்பாங்கல்ல?" "வெச்சிருப்பாங்க." "நல்லாருக்கணும் அது" என்றார். அப்புறம், "குதிரை ரத்தம் ஏறிருச்சுன்னா வர்ற புதன்கெழமை உழவுக்கு என்னையவே பூட்டிரு" என்று சொல்லிச் சிரித்தார். வாய் நன்றாகத் திறந்த சிரிப்பு. பல்லுக்குப் பல் நடுவில் சிவப்புக் கோடு கோடாக இருந்தது, கீழ் ஈறு முழுக்க ரத்தம் நனைந்து நின்றது, சிரிக்கும்போது உதட்டோரத்தில் வழிந்தது. அவருக்கு அது தெரியவில்லை, எனக்குச் சிரிப்புக் காட்டிவிட்ட திருப்தியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே "சிஸ்டர்" என்றேன், மறுபடி "சிஸ்டர்" என்று கத்தினேன். கை மட்டும் உருட்டுவதை நிறுத்தவில்லை.